கைப்பிடியில் முடிவாகிற காரியம்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களிடையே ஒரு கைவேலை பரவியிருக்கிறது. கடையில் வாங்கிய துப்பாக்கியின் பிளாஸ்டிக் பிடி கைக்குள் வழுக்குவதாகத் தோன்றினால், வீட்டு மேசையில் வைத்து அவர்களே அதைச் சொரசொரப்பாக்கிக்கொள்கிறார்கள். ஸ்டிப்ளிங் என்று பெயர். தோட்டாக்களை எடுத்துவிட்டு, மேலே நகரும் உலோக ஸ்லைடைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாகங்களையும் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது வெறும் பாலிமர் சட்டகம். எதுவரை வேலை என்று மாஸ்கிங் டேப் ஒட்டி எல்லை கட்டுகிறார்கள். தொழிற்சாலை வார்த்த மேடுபள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குகிறார்கள். பிறகு ரேடியோ ரிப்பேர்க்காரர் கையில் இருக்கும் அதே சால்டரிங் அயர்ன். சூடேறிய முனையைப் பிளாஸ்டிக்கில் ஒரு கணம் அழுத்தி எடுத்தால் அந்த இடம் குழிந்து, சுற்றிலும் உருகிய பிளாஸ்டிக் சின்ன வரப்பாக எழும்பி நிற்கும். இப்படி நூற்றுக்கணக்கில், சிலர் ஆயிரக்கணக்கில். நைலான் 6 ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் உருகக்கூடியது. இந்தப் பிடிகளும் பெரும்பாலும் நைலான் குடும்பம்தான். அயர்ன் அதைவிடக் கூடுதல் சூட்டில் இருப்பதால், கை சற்றுத் தாமதித்தாலும் குழி ஆழமாகிவிடும், சுவர் மெலிந்த இடத்தில் ஓட்டையே விழலாம். நேர்வரிசையாகப் புள்ளி வைத்தால் ஒன்று தப்பினாலும் கண்ணை உறுத்தும். ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஒழுங்கில்லாமல் வைத்தால் பிழை தெரியாது என்பதால் புதியவர்கள் அதையே நாடுகிறார்கள். அதற்கும் முன்னால் ஏதாவது பழைய பிளாஸ்டிக் தோட்டா மேகசினில் கை பழகுகிறார்கள், ஏனென்றால் உருகிய இடம் உருகியதுதான்.

இதில் தத்துவம் பேச என்ன இருக்கிறது? ஆயுதத்தைப் பற்றிய அறக்கேள்வியை நாம் எப்போதும் விசையில் இருக்கும் விரலிடம்தான் கேட்கிறோம். சுட்டது சரியா, வேறு வழி இருந்ததா, தேவைக்கு மேல் போய்விட்டாரா. நீதிமன்றம் அங்கேதான் நிற்கிறது, மதங்களின் தர்க்கமும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது. பிடியில் புள்ளி வைப்பது அதற்கெல்லாம் வெகுதூரம் முந்தைய, யாருக்கும் தீங்கில்லாத ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகத் தெரிகிறது. நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. தற்காப்புக்கென்று ஆயுதம் வைத்திருக்கும் ஒருவர் உண்மையில் தீர்மானம் எடுக்கிற இடங்களில் இந்த மேசையும் ஒன்று. விசையை அழுத்தும் நேரத்தில் தீர்மானிக்க அவருக்கு அநேகமாக எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே கேட்கவேண்டியதை இங்கேயே கேட்டாக வேண்டும். இதனால் அந்த வேலை பாவமாகிவிடாது. ஆனால் ‘இது வெறும் கருவி’ என்ற பழைய பதில் அதைச் செய்தவருக்குப் பயன்படாமல் போய்விடுகிறது.

துப்பாக்கியின் உடல் பிளாஸ்டிக்காக மாறிய பிறகுதான் இந்தக் கேள்விக்கு இடமே வந்தது. 1970 இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் வி.பி.70 என்ற பாலிமர் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. ஆனாலும் 1982 இல் ஆஸ்திரிய ராணுவம் காஸ்டன் க்ளாக்கின் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டதற்குப் பிறகே பிளாஸ்டிக் உடல் ஊரறிந்த விஷயமானது. அதுவரை துப்பாக்கியே செய்தறியாதவர் க்ளாக். திரைச்சீலைக் கம்பியும் ராணுவத்துக்குக் கத்தியும் செய்துகொண்டிருந்தார். அதற்கு முந்தைய தலைமுறையின் எம்1911 போன்ற துப்பாக்கிகளில் உடல் எஃகு. பிடியின் இருபுறமும் குறுக்குக்கோடு செதுக்கிய வால்நட் பலகைகளைத் திருகி வைத்திருப்பார்கள். பலகை பிடிக்கவில்லையென்றால் கழற்றி வேறு மாட்டலாம், துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகாது. க்ளாக்கில் பிடியும் உடலும் ஒரே வார்ப்பு. அந்த வார்ப்பு எல்லார் கைக்கும் ஒத்துவருவதில்லை என்பதற்கு நிறுவனத்தின் வரலாறே சாட்சி: 1990களின் பிற்பகுதியில் பிடியின் முன்பக்கத்தில் விரல் பதியும் பள்ளங்களைச் சேர்த்தார்கள், 2017 இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அவற்றை எடுத்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பள்ளங்களைத் தேய்த்துத் தட்டையாக்கிப் புள்ளி வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். கை வழுக்கக்கூடாது என்ற தேவை மட்டும் புதிதல்ல. ஜப்பானிய வாளின் பிடியில் கயிற்றுச் சுற்றுக்கு அடியில் திருக்கை மீனின் தோலைப் போர்த்துவார்கள். அதன் கடினமான மணிமணியான முண்டுகள்தான் பிடிமானம் கொடுப்பவை. ஆனால் அந்த வேலையைச் செய்தவர் பிடி செய்யும் தொழிலாளி, வாளை ஏந்தியவர் வேறொருவர். செய்பவரும் ஏந்துபவரும் ஒரே ஆளாக இருப்பது இந்தப் பிளாஸ்டிக் காலத்தில்தான் இத்தனை எளிதாகியிருக்கிறது.

செய்பவர் வேறு, ஏந்துபவர் வேறு என்ற பிரிவினையை நம்பித்தான் பழைய இறையியல் ஆயுதம் செய்பவரை விடுவித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தன் பெரிய இறையியல் தொகுப்பில் இதைத் தொட்டுச் செல்கிறார். வேடிக்கை என்னவென்றால், போரைப் பற்றிய பகுதியில் அல்ல, ஆடை அலங்காரத்தைப் பற்றிய பகுதியில். பாவமில்லாமல் பயன்படுத்தவே முடியாத பொருளைச் செய்கிறவன், உதாரணமாகச் சிலை வழிபாட்டுக்கான பொருளைச் செய்கிறவன், குற்றத்தில் பங்காளி. நல்லதுக்கும் கெட்டதுக்கும் பயன்படக்கூடிய வாள், அம்பு போன்றவற்றைச் செய்வது பாவமில்லை. இதுதான் அவருடைய முடிவு. நியாயமான முடிவுதான். கொல்லனுக்கு வாள் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. ஒன்று வேட்டைக்குப் போகலாம், ஒன்று கொள்ளைக்குப் போகலாம், ஒன்று சுவரில் தொங்கலாம். பயன் தெரியாதவரை வேலை நடுநிலையில் நிற்கிறது. ஆனால் தன் கைக்காகவே தன் துப்பாக்கியில் புள்ளி வைக்கிறவருக்கு இந்த அறியாமை இல்லை. யாருடைய கை, எந்த விரல் எங்கே படும், எவ்வளவு வியர்க்கும், பின்னுதைப்பில் எந்தப் பக்கம் நழுவும் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு குறிப்பிட்ட கணத்தை மனதில் ஓட்டிப் பார்க்காமல் அவரால் எல்லைக்கோடு கூடப் போட முடியாது. கட்டைவிரல் எங்கே வந்து அமரும் என்று பிடித்துப் பார்த்துத்தான் டேப் ஒட்டுகிறார். அக்வினாஸின் கொல்லனுக்குக் கிடைத்த விடுதலை இவருக்குக் கிடைக்காது.

அந்தக் கணத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் கவனிக்கத்தக்க ஒன்றைச் சொல்கிறார். நிக்கோமாக்கிய அறநூலில் வீரத்தைப் பற்றிப் பேசும்போது, முன்கூட்டியே தெரிந்த ஆபத்தில் ஒருவன் காட்டும் துணிவைவிடத் திடீரென்று வந்த ஆபத்தில் காட்டும் துணிவே அவன் யார் என்பதைக் கூடுதலாகக் காட்டும் என்கிறார். தெரிந்து வருவதற்கு யோசித்துத் தயாராகலாம். திடீர் என்று வருவதற்கு ஏற்கெனவே உருவாகிவிட்ட இயல்பு மட்டுமே பதில் சொல்லும். இதை அக்வினாஸின் தற்காப்பு விளக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தாக்க வருபவனைத் தடுக்கும் ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் உண்டு, தன் உயிர் காப்பாற்றப்படுவது ஒன்று, எதிராளி சாவது மற்றொன்று. முதலாவதை மட்டுமே நாடி, தேவையான அளவு பலத்தை மட்டுமே பயன்படுத்தினால் குற்றமில்லை என்கிறார் அவர். அழகான பகுப்பு. ஆனால் நள்ளிரவில் பின்கதவு உடைபடும் சத்தம் கேட்டு எழுந்தவருக்கு எண்ணத்தைப் பிரித்துப் பார்க்கவும் அளவை நிறுத்துப் பார்க்கவும் எத்தனை விநாடி கிடைக்கும்? துப்பாக்கிப் பயிற்சியின் நோக்கமே அந்த விநாடிகளில் யோசிக்கத் தேவையில்லாமல் செய்வதுதான். உறையிலிருந்து உருவும் அசைவு, பிடிக்குள் கை அமரும் விதம், எல்லாம் பழக்கமாகிவிடவேண்டும். பிடியின் சொரசொரப்பு அந்தப் பழக்கத்துக்குச் செய்துகொடுக்கும் வசதி. கையை இரண்டாம் முறை சரிசெய்யும் அரை விநாடியை அது மிச்சப்படுத்துகிறது. அப்படியானால் அக்வினாஸ் கேட்கும் எண்ணம் எங்கே இருக்கிறது? கணத்தில் இல்லை. கணத்துக்கு முன்னால், அமைதியான நேரத்தில், அந்தக் கணத்துக்காகச் செய்த ஏற்பாடுகளில் இருக்கிறது. பயிற்சிக் களம் ஒன்று, வீட்டில் துப்பாக்கியை வைக்கும் இடம் ஒன்று, இந்த மேசை மற்றொன்று. மற்ற ஏற்பாடுகளிலிருந்து மேசை ஒரு விதத்தில் வேறுபடுகிறது: அங்கே எடுத்த முடிவு பொருளின் மேலேயே பதிந்துவிடுகிறது, அழிக்கவும் முடியாது.

கிரிக்கெட் மட்டையின் பிடிக்கு இரண்டாவது ரப்பர் உறை மாட்டுகிற பையனிடம் போய் யாராவது அறக்கேள்வி கேட்பார்களா என்று ஒருவர் மடக்கலாம். போட்டிக்காகக் குறி சுடுபவர்கள் பலர். ஐ.பி.எஸ்.சி. போன்ற அமைப்புகள் 1976 முதல் நடைமுறைக் குறிசுடுதலை விளையாட்டாகவே நடத்துகின்றன. வியர்த்த கையோடு வேகமாகச் சுடவேண்டிய அந்த விளையாட்டில் பிடிமானம் என்பது புள்ளிக்கணக்கு. இந்த மறுப்பில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காகித இலக்கையும் இரும்புத் தட்டையும் தவிர எதையும் சுட எண்ணாதவரின் மேசையில் என் கேள்விக்கு வேலை குறைவு. ஆனால் எத்தனை பேர் அப்படி? பியூ ஆய்வு மையத்தின் 2023 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008 இல் ஹெல்லர் வழக்கில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை நிலைநாட்டியதும் வீட்டுத் தற்காப்பைச் சுட்டித்தான், விளையாட்டைச் சுட்டி அல்ல. புள்ளி வைப்பவர்களும் இதை மறைப்பதில்லை. மழையில், வியர்வையில், ரத்தத்தில் நனைந்த கையிலும் பிடி நழுவக்கூடாது என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். மட்டைப் பிடிக்கு உறை மாட்டும் எந்தப் பையனும் ரத்தத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

அதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. வேலை செய்யும்போது புள்ளி வைப்பவர் கொலையைப் பற்றி நினைப்பதே இல்லை, அயர்னின் சூட்டையும் புள்ளியின் இடைவெளியையும் மட்டுமே நினைக்கிறார், இல்லாத எண்ணத்தை நீ ஏன் அவர் மேல் ஏற்றுகிறாய் என்பது. இது உண்மை. கைவேலையின் இன்பமே அதுதான், மனம் முழுக்கக் கையின் நுனிக்கு வந்துவிடும். ஆனால் எனக்கு இது சமாதானமாகப் படவில்லை, கவலையாகவே படுகிறது. 1954 இல் பாதுகாப்பு விசாரணையில் அணுகுண்டு விஞ்ஞானி ராபர்ட் ஓப்பன்ஹைமர் சொன்ன சாட்சியம் பிரபலமானது: தொழில்நுட்ப அளவில் தித்திப்பான ஒன்று கண்ணில் பட்டால் செய்துவிடுகிறோம், அதை என்ன செய்வது என்ற விவாதம் வெற்றிக்குப் பிறகுதான் வருகிறது என்ற பொருளில் பேசினார். ஹைட்ரஜன் குண்டும் பிளாஸ்டிக் பிடியும் ஒரே தராசில் நிற்பவை அல்ல, அளவில் மலைக்கும் மண்துகளுக்கும் உள்ள தூரம். மனம் வேலை செய்யும் விதம் மட்டும் ஒன்றேதான். எப்படிச் செய்வது என்பதன் சுவை எதற்குச் செய்வது என்பதை மூடிவிடுகிறது. எண்ணம் என்பது அந்த நொடியில் தலைக்குள் ஓடும் வாக்கியம் மட்டும் அல்ல. ஒருவர் எதை நோக்கி வேலையை ஒழுங்குபடுத்தினார் என்பதுதான் எண்ணம். அவர் நினைக்காமல் இருந்தாலும் எல்லைக்கோடு அவர் சார்பில் நினைத்திருக்கிறது.

இன்பம் என்று வந்தபின் அலங்காரத்தையும் பார்த்துவிடலாம். சிலர் பிடிமானத்தோடு நிறுத்துவதில்லை. மீன் செதில், தேன்கூடு, கொடி, மண்டையோடு என்று சித்திரமாக்குகிறார்கள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், ஓய்வுநாள் விதிகளைச் சொல்லும் பகுதியில், இதற்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு வாக்குவாதம் இருக்கிறது. ஓய்வுநாளில் சுமை எடுத்துப் போகக்கூடாது, அணிகலன் அணியலாம். அப்படியானால் வாளும் வில்லும் கேடயமும் எந்தக் கணக்கு? அவை ஆணுக்கு அணிகலன் என்றார் ரபி எலியேசர். மற்ற ஞானிகள் அவை இழுக்கே தவிர வேறில்லை என்று மறுத்து, வாள்கள் ஏர்க்கொழுவாக அடிக்கப்படும் நாளைப் பற்றிய ஏசாயாவின் தீர்க்கதரிசனத்தைச் சான்றாகக் காட்டினார்கள். அவர்கள் ஆயுதமே கூடாது என்று சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாளையே மீறலாம் என்பது அதே மரபின் விதி. ஆயுதம் தேவைப்படலாம், அது பெருமைக்குரியதாகிவிடக்கூடாது என்பதுதான் அவர்கள் நிலை. தமிழ் வாசகருக்கு இங்கே புறநானூற்றின் 95 ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. தொண்டைமானின் ஆயுதசாலையில் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, அழகாக அடுக்கிய வேல்களைப் பார்த்துவிட்டு, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று ஔவை சொல்கிற பாட்டு. ஔவையும் அலங்காரத்தை எள்ளுகிறாள், ஆனால் நேரெதிர்த் திசையிலிருந்து: அவளுக்குக் குத்தி முறிந்த வேல்தான் மேன்மை. அந்த அளவுகோலை இன்றைய வீட்டுத் துப்பாக்கிக்குப் பொருத்த நான் தயாரில்லை, அவளுடைய நகைச்சுவையை எவ்வளவு ரசித்தாலும். இந்த விஷயத்தில் மிஷ்னாவின் ஞானிகள் பக்கமே நிற்கிறேன். ஒழுங்கில்லாமல் வைத்த அழகற்ற புள்ளிகள் தங்கள் வேலையைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. மண்டையோட்டுச் சித்திரம் சாவை ஒரு பாணியாக்கிவிடுகிறது.

பொறுப்பான உரிமையாளர்கள் முன்வைக்கும் வாதம் வேறு. உறுதியான பிடி என்றால் குறி தவறாது, குறி தவறாவிட்டால் பக்கத்து அறையில் இருக்கும் குழந்தை மேல் தோட்டா பாயாது, ஆகவே புள்ளி வைப்பது அறக் கடமையே என்பார்கள். கனமான வாதம். துப்பாக்கி வைத்திருப்பதென்று முடிவான பிறகு அதை நழுவும் நிலையில் வைத்திருப்பது பொறுப்பின்மைதான். ஆனால் இந்த வாதம் மேசையில் அறத்தீர்ப்பு நடக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நிற்க முடியும், அந்த அளவுக்கு அது என் பக்கத்துச் சாட்சி. ஒப்புக்கொண்டபின் கேள்வி விரிகிறது. மேசையில் அவர் கற்பனை செய்யும் கணத்தில் இருப்பது அந்நியன் ஒருவன். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 2021 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், பாதிக்கும் மேல், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். சொரசொரப்பான பிடி இவர்களில் ஒருவரையும் கொல்லவில்லை, அந்தக் காரியத்துக்குப் பிடிமானம் தேவையும் இல்லை. இங்கே பிடியைக் குற்றம் சொல்வது அபத்தம். எண்கள் காட்டுவது வேறு: எதற்காகத் தயார்செய்கிறோம் என்று நினைக்கிறோமோ அது அந்தத் துப்பாக்கி சந்திக்கக்கூடிய எதிர்காலங்களில் ஒன்று மட்டுமே. உள்ளங்கைக்கு அளவெடுத்த பிடிக்கு உரிமையாளரை அடையாளம் தெரியாது. மனமுடைந்த மகன் எடுத்தாலும் அதே அளவுக்கு நழுவாமல் இருக்கும். கடமை என்று பேசத் தொடங்கியவர் கடமையை அந்நியனோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஒரு மதியம் முழுவதும் புள்ளி வைத்துவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டில்லாத இழுப்பறையில் போடுகிறவரின் கவனம் எதை நோக்கியது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். ஆயுதத்தைத் தொடுவதே தவறு என்கிறவர்களுக்கு என் பேச்சு முழுவதும் சமரசமாகத் தோன்றும். பௌத்தத்தின் அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தார் விலக்கவேண்டிய ஐந்து வாணிகங்களில் ஆயுத வாணிகம் முதலில் வருகிறது. அக்வினாஸ் கொல்லனுக்குக் கொடுத்த சலுகை அங்கே வியாபாரிக்கு இல்லை. அந்தக் கண்டிப்பை மதிக்கிறேன், அதன் எல்லையையும் பார்க்கிறேன். அது பிழைப்பைப் பற்றிய விதி, பிறருக்கு விற்று லாபம் பார்ப்பதைப் பற்றியது. பெட்டியில் ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருந்து, நல்லபடியாக நடந்துகொள்ள விரும்புகிற ஒருவருக்கு ‘வைத்திருக்காதே’ என்பதற்கு மேல் அதில் பேச்சில்லை. அவர் அந்த அறிவுரையை ஏற்கவில்லை என்பதாலேயே அவரோடு அறம் பேசுவதை நிறுத்திவிட முடியுமா? அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் அப்படி இருக்கும்போது, முழு மறுப்பு என்பது மறுப்பவரின் கையைச் சுத்தமாக வைத்திருக்கும், அவ்வளவுதான்.

தொழிற்சாலையிலேயே சொரசொரப்பாக வார்த்துத் தருகிறார்களே, அதை வாங்குகிறவர் மட்டும் தப்பித்துவிடுவாரா என்று கேட்டால், தப்பிக்கவில்லை. தேர்ந்து வாங்குவதும் ஏற்பாடுதான். ஆனால் அவருக்கும் ஆயுதத்துக்கும் நடுவே இன்னொருவரின் முடிவு இருக்கிறது, அதன் பின்னால் அவர் ஒதுங்கி நிற்கலாம். தானே புள்ளி வைத்தவருக்கு அந்த மறைவிடம் இல்லை. சிக் சவர் பி320 போன்ற சிலவற்றில் பிடி தனியாகக் கிடைக்கும் மலிவான உறுப்பு. கெட்டுப்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், அங்கே முடிவின் பாரம் கொஞ்சம் குறைகிறது. க்ளாக்கில் அப்படியில்லை. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பார்வையில் சட்டகமே துப்பாக்கி. குழலும் ஸ்லைடும் வெறும் பாகங்கள். அதாவது சூடான முனை படுவது ஏதோ துணைக்கருவியின் மேல் அல்ல, சட்டம் துப்பாக்கி என்று எதைச் சொல்கிறதோ அதன் மேலேயே. உரிமையாளர் அதை எப்படி வேண்டுமானாலும் உருக்கலாம், தேய்க்கலாம். முன்பக்க அடியில் பதித்திருக்கும் வரிசை எண் தகட்டை மட்டும் சிதைக்கக்கூடாது, சிதைத்தால் கூட்டாட்சிக் குற்றம். குற்றம் நடந்த பிறகு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் கடையில் வாங்கியவர் பெயர்வரை போகலாம். வாங்கியவர் அதை எதற்காகத் தயார்செய்தார் என்பதைப் பதிந்துவைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அதற்கான பதிவு தகட்டுக்குச் சில அங்குலம் பின்னால், உள்ளங்கை படும் இடத்தில், அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது.